பெயர் போடாத எழுத்து பிறந்த கதை

2003 செப்டம்பரில் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு இணையத்தில் ஓர் இடம் கிடைத்தது. இடம் மட்டும்தான். பொத்தான்களும் அறிவிப்புகளும் ஆங்கிலத்தில் இருந்தன, கட்டுரை என்று சொல்ல ஏதுமில்லை. நவம்பரில் மயூரநாதன் வந்தார். இலங்கைத் தமிழர், கட்டடக் கலைஞர், பிழைப்பு அமீரகத்தில். வந்தவர் முதலில் அந்த ஆங்கிலச் சொற்களையெல்லாம் தமிழாக்கினார். பிறகு எழுதத் தொடங்கினார். தொடக்க காலத்தில் பெரும்பாரம் சுமந்தவர் அவர்தான். சம்பளம் கிடையாது, கட்டுரைக்கு மேலே பெயரும் கிடையாது.

அவர் ஏன் எழுதினார் என்பதைவிட, அடுத்தவர்கள் ஏன் வந்தார்கள் என்பதே எனக்குச் சுவையான கேள்வி. விக்கியில் இன்னும் எழுதப்படாத தலைப்புக்கு இணைப்பு கொடுத்தால் அது சிவப்பாகத் தெரியும். ஒரு கட்டுரையைப் படித்துக்கொண்டே வரும் மாணவன் நடுவில் சிவப்பைப் பார்க்கிறான். இது எனக்குத் தெரியுமே, இரண்டு வரி எழுதிவிடலாமே என்று கை பரபரக்கிறது. குறை கண்ணில் படும்படி இருந்ததால்தான் ஆட்கள் சேர்ந்தார்கள் என்று நினைக்கிறேன். எல்லாம் நிறைந்த இடத்துக்கு வாசகர்தான் வருவார்கள்.

பரிசுக்கும் ஆள் வரும். 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி, கல்லூரி மாணவர்களுக்குத் தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி நடந்தது. பொறியியலும் மருத்துவமும் படிக்கிற பிள்ளைகள் தங்கள் பாடத்தைத் தமிழில் எழுதிப் பார்த்தார்கள். நல்ல காரியம். ஆனால் பரிசுக்காக வரும் கூட்டம், பரிசளிப்பு முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடும். அதில் தப்பும் இல்லை.

வந்தவரைத் தங்க வைப்பது வேறு. 2012இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்லலாம். ஆங்கில விக்கியில் மும்முரமாக எழுதுகிற சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அவர்கள் பக்கத்தில் ஒரு பாராட்டுப் பதக்கப் படத்தை ஒட்டினார்கள். காசு பெறாத படம். அடுத்த 90 நாட்களில் அவர்கள் பதக்கம் பெறாதவர்களைவிட 60 விழுக்காடு கூடுதலாக உழைத்திருந்தார்கள்! 2007க்குப் பிறகு அதே ஆங்கில விக்கியில் எழுதுவோர் எண்ணிக்கை சரிந்ததற்கு ஆய்வாளர்கள் சொன்ன முக்கியக் காரணமும் இதன் மறுபக்கமே: புதியவர் எழுதியதைப் பழையவர் உடனுக்குடன் அழித்துத் தள்ளியது.

தமிழில் எவரேனும் புதிதாகக் கணக்குத் தொடங்கினால் அவர் பெயரைச் சொல்லி 'வாருங்கள்' என்று ஒரு வரவேற்பு அவருடைய பேச்சுப் பக்கத்தில் வந்து விழும். இன்று அது ஆயத்த வாசகம்தான். இருந்தாலும் நாம் எழுதியதில் உள்ள பிழையைத் திருத்திவிட்டு, அந்த வரவேற்புக்குக் கீழே 'தொடர்ந்து எழுதுங்கள்' என்று யாரோ ஒருவர் சொல்லும்போது விஷயம் மாறிவிடுகிறது.

விக்கியில் மட்டுமல்ல, எங்கள் திருவண்ணாமலையிலும் இதே கதைதான். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுக அன்னதானமும் மோரும் கொடுப்பவர்களைப் பாருங்கள். வாங்கிக் குடிப்பவருக்குக் கொடுத்தவர் பெயர் தெரியாது. பக்கத்தில் நின்று மொண்டு ஊற்றுகிறவருக்குத் தெரியும். அடுத்த பௌர்ணமிக்கு 'என்னண்ணா, வரலையா?' என்று கூப்பிடுகிறவரும் அவர்தான்.

மயூரநாதனுக்குத் தமிழ் இலக்கியத் தோட்டம் என்ற அமைப்பு 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அளித்தது. 2017இல் தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. 2024இல் எங்கள் ஊர் மாநகராட்சியானது. அப்படியொரு செய்தி வந்தால் விக்கிக் கட்டுரையில் 'நகராட்சி' என்று இருக்கும் இடங்களையெல்லாம் தேடிப்பிடித்து யாராவது மாற்ற வேண்டும். யாருக்கும் அது பொறுப்பாக ஒப்படைக்கப்பட்டதில்லை.