செய்தியைத் தெளிவோம், சான்றைக் காப்போம்
– காயல் துறைமுக வரலாறு தரும் பாடம் –

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியது. நான்கு நாட்களுக்குப் பின், டிசம்பர் 30 அன்று, மீண்டும் ஓர் அலை வரக்கூடும் என்ற மத்திய அரசின் எச்சரிக்கை பரவியது. கடலோர மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். அலை வரவில்லை. அந்த எச்சரிக்கைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை அமைச்சரே பின்னர் விளக்கினார். அன்று வாட்ஸ்அப் இல்லை. இன்றோ ஒரு வதந்தி ஊரைச் சுற்றிவரச் சில நிமிடங்கள் போதும்.

செய்தியைச் சோதித்து ஏற்கும் முறை நமக்குப் புதியதன்று. தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு திருக்குர்ஆனின் 49ஆவது அத்தியாயம் பணிக்கின்றது. சொன்னவர் யார், யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தனரா, அவருடைய நேர்மையும் நினைவாற்றலும் எத்தகையன, அதே செய்தி வேறு வழியிலும் வந்துள்ளதா என ஹதீஸ் கலை அறிஞர்கள் வினவினர். இவ்வினாக்களை நமது கடற்கரையின் வரலாற்றிடமே கேட்டுப் பார்ப்போம்.

கி.பி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே சென்ற வெனிஸ் வணிகர் மார்க்கோ போலோ, காயலைப் பெருநகரம் என்கின்றார். ஹோர்முஸ், கிஷ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் அங்கு வந்தன என்றும், பாண்டிய மன்னர் ஐவரும் ஆளுக்கு ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கினர் என்றும் கூறுகின்றார். இதனை அவர் தம் கையால் எழுதவில்லை. 1298இல் ஜெனோவாச் சிறையில் ருஸ்திசெல்லோ என்பவரிடம் சொல்லி எழுதுவித்தார். அந்த மூலப்படி இன்று இல்லை. எஞ்சியுள்ள ஏறத்தாழ 150 கையெழுத்துப் படிகளும் தமக்குள் வேறுபடுகின்றன.

அவ்வாறாயின் அவர் சொல்லை எப்படி ஏற்பது? 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்தன என்றும், ஒன்றின் விலை 220 பொன் தீனார் என்றும் குறிப்பிடுகின்றார். பாண்டியரின் அமைச்சர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மானின் பொறுப்பில் காயலும் இருந்தது என்கின்றார். ஐவருக்கு ஆளுக்கு 2,000 எனில் மொத்தம் 10,000. இரு கணக்குகளும் பொருந்துகின்றன!

எனினும் அவசரப்படலாகாது. வஸ்ஸாஃப் பாரசீகத்தில் இருந்து எழுதியவர். இருவர் காதிலும் விழுந்தது குதிரை வணிகர்களின் பேச்சாகவே இருந்திருக்கலாம். விற்பவர் சொல்லும் கணக்கு கூடுதலாகவும் இருக்கலாம். ஆகவே, குதிரை வாணிபம் பெருமளவில் நடந்தது என்பதை உறுதியாக ஏற்கலாம். 10,000 என்ற எண்ணைக் ‘கூறப்படுகின்றது’ என்ற அளவில் வைப்பதே முறை.

மூன்றாவது சாட்சி மண்ணாகும். 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல், பழையகாயலைச் சுற்றியுள்ள மணல்வெளியில் சீனப் பீங்கான் சிதறல்களைக் கண்டு, மார்க்கோ போலோவின் காயல் இதுவே என்றார். காயல்பட்டினமே அந்நகரம் என்ற கருத்தும் உண்டு. இதனை ஊர்ப்பெருமை தீர்க்க இயலாது. சான்றுதான் தீர்க்க வேண்டும்.

தாமிரபரணியின் வண்டலால் கடல் விலகித் துறைமுகம் மறைந்தது. பீங்கான் ஓடுகள் எஞ்சின. நம்மிடம் உள்ள சான்றுகள் அவ்வளவு உறுதியானவையா? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவானது. அத்தகைய ஓர் இரவு போதும், ஒரு தலைமுறையின் காகிதங்கள் கூழாகிவிட. கைப்பேசியில் உள்ளவையும் அது பழுதானால் போயின.

ஆதலால், பழைய மீஸான் கற்களையும் நிக்காஹ் பதிவேடுகளையும் படமெடுத்து, எடுத்தவர் பெயர், நாள், இடம் ஆகியவற்றுடன் குறைந்தது மூன்று இடங்களில் சேமித்து வைப்போம். இவ்விவரங்கள் இல்லாத படம், அறிவிப்பாளர் வரிசை இல்லாத செய்தியைப் போன்றதே. நமக்கு வரும் செய்தியையும் மூலம் தெரியும் வரை பிறருக்கு அனுப்பாதிருப்போம். நமது வரலாற்றை நம் பேரர்கள் வதந்தியாக அல்ல, ஆதாரத்துடன் அறியட்டும்.