சி எழுத்தில் பத்துச் சொற்கள்

திருவொற்றியூரில் நான் ஆறாம் வகுப்பு படித்தபோது வாரத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து. அந்த எழுத்தில் தொடங்கும் பத்துச் சொற்களை எழுதி, எதிரே தமிழில் பொருள் எழுதி, திங்கட்கிழமை ஒப்பிக்க வேண்டும். அதற்கென்று வைத்திருந்த நோட்டுக்கு மீனிங் நோட்டு என்று பெயர். சி வாரத்தில் என் பத்தில் ஒன்று கேட்டமரான். எதிரே கட்டுமரம் என்று எழுதியிருந்தேன். சிவப்பு மையில் ஒரே அடி. தமிழ்ச் சொல்லை ஆங்கிலம் மாதிரி எழுதி ஏமாற்றுகிறேனாம். காசிமேட்டில் மீன் எடுத்துக் கூறு போட்டு விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன். "அப்ப கட்டுமரத்துக்கு இங்கிலீஸ்ல இன்னாவாம்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

விடை கல்லூரி நூலகத்தில் இருந்தது. ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதி. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். புத்தகம் அச்சாகும் முன்பே, 1882இல் இறந்துபோனார். அதன் சி பக்கங்களைப் புரட்டினால் நம் க வரிசை வந்து நிற்கும்: கறி, கஞ்சி, காசு, கயிறு, கூலி, கட்டுமரம். படைமுகாமின் சிறையறைக்குக் கஞ்சி வீடு என்று வெள்ளைச் சிப்பாய்கள் பெயர் வைத்திருந்தார்கள் என்பதும் அங்கேதான் தெரிந்தது. அகராதிக்காரர்களின் காதில் விழுந்தவை பெரும்பாலும் துறையிலும் கிடங்கிலும் படையிலும் கச்சேரியிலும் புழங்கிய சொற்கள். அடுப்படியிலிருந்து போன கஞ்சியோடும்கூட ஒரு சிறை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போனது அதற்கும் வெகு முன்னால். வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி 1697இல் வெளியிட்ட பயணநூலில், சோழமண்டலக் கரையில் மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவைக்கு இதுதான் பெயர் என்று எழுதினார். இன்று உலகம் முழுக்க அந்தப் பெயர் இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகுக்குப் போய்விட்டது. எண்ணூரிலும் காசிமேட்டிலும் ஃபைபர் படகு வந்து, கட்டின மரம் குறைந்துபோனது.

ஆனால் ஆக்ஸ்போர்டு அகராதியில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: சண்டைக்காரி. முக்கியமாக, வயதான, வாய் நீண்ட பெண். 1830களில் பிரெடெரிக் மரியாட் எழுதிய 'பீட்டர் சிம்பிள்' என்ற கடற்படை நாவலில் இந்த வசவு வருகிறது. மிதவை எப்படிக் கிழவியானது என்று யாரும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. பூனையைக் குறிக்கும் ஆங்கில ஒலி முன்னால் இருப்பதால் பிறாண்டுகிறவள் என்று தோன்றியிருக்கலாம். எனக்கு வேறொன்று தோன்றியது. எங்கள் கரையில் கட்டுமரம் ஏறிக் கடலுக்குப் போனவர்கள் ஆண்கள். கரையில் நின்று விலை பேசியவர்கள், கடன் வசூலித்தவர்கள், குரலை உயர்த்தியவர்கள் பெண்கள். மீன்காரி வாய் என்று நம் ஊரிலேயே சொல்வார்கள். கடலையே பார்க்காத லண்டன் கிழவிக்கும் எங்கள் அம்மாவுக்கும் ஒரே வசவு.

சி பக்கத்தில் காலிகோவும் இருக்கிறது. கோழிக்கோட்டின் பெயரால் வந்தாலும் சோழமண்டலப் பருத்தித் துணியையும் ஆங்கிலேயர்கள் இப்படித்தான் அழைத்தார்கள். 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் கலெட், திருவொற்றியூர் பக்கத்தில் நெசவாளர்களைக் குடியேற்றினார். கலெட் பேட்டை நம் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. அதே காலத்தில், 1719 கோடையில், லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். இந்தியத் துணியால் பிழைப்பு போகிறதென்ற கோபம். கோபம் நியாயமானதுதான். ஆனால் அது கம்பெனியின் கிடங்குகளோடு நிற்கவில்லை. வழியில் போன பெண்கள் மேல் பாய்ந்தது. அச்சிட்ட பருத்தி உடுத்தியவர்களின் துணியை உடம்பிலிருந்து கிழித்தார்கள். மையையும் அமிலத்தையும் வீசினார்கள். அந்தப் பெண்களைக் காலிகோ மேடம் என்று துண்டுப் பிரசுரங்கள் ஏசின. 1721இல் சட்டமும் வந்தது: அந்தத் துணியை உடுத்தினால் 5 பவுண்டு அபராதம்.

காலடிப்பேட்டையில் நெய்ததைத்தான் அவர்கள் உடுத்தியிருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரு தறி ஓட வேண்டுமானால் பல பெண்கள் உட்கார்ந்து நூற்க வேண்டும். நூற்றவள் ஒரு முனை, உடுத்தியவள் மறுமுனை. கவர்னரின் பெயர் ஊர்ப்பெயராகி இப்போது மெட்ரோ நிலையப் பலகையிலும் ஏறிவிட்டது.

கூலிதான் என்னை அதிகம் உறுத்திய சொல். அது குஜராத்தின் கோலி சமூகப் பெயரிலிருந்து வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. தமிழில் கூலி என்பது வேலைக்குக் கொடுக்கும் பணம். ஆங்கிலத்தில் அது ஆள். பணத்தின் பெயரை மனிதர் மேல் ஒட்டிய பிறகு, பணத்தைக் குறைத்துக் கொடுப்பது சுலபமாகிவிட்டது போலும். 1860 அக்டோபர் 12இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் 342 பேருடன் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கிளம்பியது. அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. அலை தாண்டி நங்கூரமிட்ட கப்பலுக்குப் படகில்தான் போக வேண்டும். நவம்பர் 16இல் டர்பனை அடைந்தார்கள். இத்தகைய கப்பல்களின் பதிவேடுகளில் ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் இருக்கும். பெண்களுக்கும் இருக்கும். ஒப்பந்தத்தில் அவர்களுக்குக் கூலி ஆண் கூலியில் பாதி. 100 ஆண்களுக்கு 40 பெண்களாவது போக வேண்டும் என்று பின்னாளில் விதியும் வந்தது. அந்த எண்ணிக்கையை நிரப்பப் பெண்களைத் தேடித் திரிந்தார்கள் ஆள்பிடிக்கும் தரகர்கள். கணவனை இழந்தவர்களும், வீட்டை விட்டு வந்தவர்களும், விசாரிக்க யாரும் இல்லாதவர்களும் அவர்கள் கண்ணில் பட்டார்கள். வேறு வழியில்லாமல் போனவர்களும் உண்டு, இங்கே இருப்பதைவிடப் போவது மேல் என்று தெரிந்தே ஏறியவர்களும் உண்டு. கயானா வம்சாவளியினரான கெய்யூத்ரா பகதூர் தன் கொள்ளுப்பாட்டியைத் தேடி 2013இல் எழுதிய புத்தகத்துக்கு 'கூலி வுமன்' என்றே பெயர் வைத்தார். அது வசவு என்று தெரிந்தேதான் வைத்தார்.

அம்மா கூடை தூக்குவதை விட்ட பிறகு இறால் உரிக்கப் போனாள். கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கு. "கூலி வந்துச்சா?" என்று தோழிகள் வாசலில் கேட்டுக்கொள்வார்கள். பழைய மீனிங் நோட்டைப் போன வருடம் பரணிலிருந்து எடுத்தேன். சி பக்கத்தில் எட்டாவது சொல் கூலி. அதற்கு அடி விழவில்லை, சிவப்பு டிக் இருக்கிறது. எதிரே என் கையெழுத்தில்: சுமை தூக்குபவன்.