புலனத்தில் பாடம், கைப்பேசி அம்மாவிடம்

ஈப்போ: 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, 134 தமிழ்ப்பள்ளிகள் உள்ள பேராவில் பல வகுப்புகள் புலனக் குழுவுக்குக் குடிபெயர்ந்தன. தொற்று ஓய்ந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை.

ஆனால், புலனம், முகநூல், டிக்டாக் ஆகியவற்றில் கணக்கு தொடங்கக் குறைந்தபட்ச வயது வரம்பு உண்டு. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கோ 7 முதல் 12 வயது. ஆக, குழுவில் இருப்பது பெற்றோரின் கைப்பேசிதான். அம்மா வேலைக்குப் போனால் பாடமும் கூடவே போய்விடும். காலையில் அனுப்பி மதியமே விடை கேட்பதில் நியாயமில்லை. மறுநாள் இரவுவரை அவகாசம் வேண்டும்.

தமிழுக்குக் குரல்பதிவே பொருத்தம். பிள்ளை ல, ள, ழ-வை எப்படி உச்சரிக்கிறது என்பதை எழுத்துத் தேர்வு காட்டாது. ஒரு நிமிட வாசிப்பு காட்டிவிடும். டேட்டாவும் அதிகம் தின்னாது. பால்மரம் வெட்டிய பாட்டியைப் பேசவைத்துப் பதிவு செய்தால், பிரட்டு, மங்கு போன்ற தோட்டச் சொற்களும் பிள்ளையின் காதில் விழும். பதிவை முகநூலில் போடுவதற்குமுன் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.