யாரு செத்துட்டாங்க?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோவளம் கடற்கரை. அலைச்சறுக்கு கற்றுக்கொள்ள வந்த காலேஜ் பெண் ஒருத்தி, முதன்முதலாகப் பலகையில் நின்றுவிட்ட சந்தோஷத்தில் கரைக்கு ஓடிவந்து, கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பாட்டியைக் கட்டிப்பிடித்துவிட்டாள். பாட்டி பதறிப்போனார். ''ஏம்மா, யாரு செத்துட்டாங்க?''

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். வீட்டுக்கு வந்து அகராதிகளைப் புரட்டியபோதுதான் உறைத்தது... பாட்டி கேட்டது சரியான கேள்வி! (பி.காம். புத்தி. எந்தச் சொல்லைப் பார்த்தாலும் வரவு எங்கிருந்து என்று தேடும்!)

'ஹக்' என்கிற வார்த்தை ஆங்கிலத்தில் தலைகாட்டியது 16-ம் நூற்றாண்டில். உறுதியான பிறப்புச் சான்றிதழ் கிடையாது. ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்திருக்கலாம் என்பதே பலரின் ஊகம். வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் 'ஹுக்கா' (புகைக்கிற சமாச்சாரம் இல்லை!) என்றால் தேற்றுவது, ஆறுதல் தருவது. மனம் என்று பொருள்படும் சொல்லுக்கு அது சொந்தக்காரச் சொல். கை, தோள் எதுவும் அதில் இல்லை, கவனித்தீர்களா?

கை வருவது 'எம்ப்ரேஸ்' என்ற சொல்லில். அது பிரெஞ்சு சரக்கு. பிரெஞ்சில் 'ப்ரா' என்றால் கை. கைகளுக்குள் எடுத்துக்கொள்வது எம்ப்ரேஸ். பிரேஸ்லெட்டும் அதே குடும்பம்தான். ஆங்கிலத்துக்குள் இரண்டு சொல்லும் சமாதானமாகக் குடித்தனம் நடத்துகின்றன. கோவளத்தில் அந்த இரண்டு தேசத்தாரும் அப்படி இல்லை. 1752-ல் ராபர்ட் கிளைவ் இங்கிருந்த கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார். பிறகு அதை இடித்தும் விட்டார்கள்.

நம்ம 'அணை' இன்னும் விசேஷம். குழந்தையை அணைப்போம், விளக்கையும் அணைப்போம். ஆற்றை மறித்தால் அணை, தலைக்கு வைத்தால் தலையணை. ஆனால், வளர்ந்தவர்கள் பொது இடத்தில், சும்மா சந்தோஷத்துக்காக அணைத்துக்கொள்வது நமக்குப் பெரிதாகப் பழக்கமில்லை. 2004 ஆகஸ்ட்டில் 'வசூல்ராஜா' கட்டிப்பிடி வைத்தியம் செய்தபோது தியேட்டரே சிரித்தது அதனால்தானே?

ஒரே விதிவிலக்கு, சாவு வீடு. பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகூட அங்கே வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவாள். தோளில் தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். வைக்கிங்குகளின் அந்தப் பழைய அர்த்தம், அச்சு அசலாக!

வசூல்ராஜா வந்து நாலே மாசம். டிசம்பர் 26. சுனாமி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. இந்தக் கடற்கரைக் குப்பம் ஒன்றில், நோட்டும் கையுமாக நின்ற என்னை யாரோ ஓர் அம்மா கட்டிக்கொண்டு அழுதார். பேர்கூட நான் இன்னும் கேட்டிருக்கவில்லை. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மரம் மாதிரி நின்றேன். பேனாவைக் கீழே போடக்கூடத் தோன்றவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

கோவளத்துப் பெண் அன்றைக்கு அசடு வழிய விளக்கினாள். ''யாரும் சாகல பாட்டி... சும்மா, சந்தோஷம்!''

பாட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தார். கருவாட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

''அப்டியா? அப்ப வா.''