மின்தூக்கி நிற்காத மாடி

சிங்கப்பூரில் 995ஐ அழைத்தால் குடிமைத் தற்காப்புப் படையின் ஆம்புலன்ஸ் வந்துவிடும். வந்த பிறகு?

பழைய வீவக புளோக்குகள் பலவற்றில் மின்தூக்கி முன்பு 1, 5, 9 என்று தாண்டித் தாண்டித்தான் நின்றது. ஏழாம் மாடியில் மயங்கி விழுந்த பாட்டியை ஐந்தாம் மாடி வரை படிகளில் தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது. அவ்வீடுகளைக் கட்டியபோது குடியேறியவர்கள் இளம் குடும்பத்தினர். யாருக்கும் அது குறையாகப் படவில்லை.

கட்டடத்தோடு மனிதர்களுக்கும் வயதாயிற்று. 2010ல் சிங்கப்பூர்வாசிகளில் 65 வயதைக் கடந்தோர் 9 விழுக்காடு, 2020ல் 15.2. இதற்கிடையே, 2001ல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் மாடிதோறும் மின்தூக்கியை நிற்க வைத்தது. பெரியவர்கள் சந்தைக்குப் போய்வரச் செய்த வசதிதானே என்று பலரும் நினைக்கிறோம். என்னைக் கேட்டால், அது அவசர மருத்துவத்தின் வரலாறும்கூட.

அதற்கு முன்பே, 1998ல் அறிமுகமான முதியோருக்கான ஸ்டூடியோ வீடுகளில் உதவி கேட்க ஓர் இழுகயிறு இருந்தது. தனியாக விழுந்து கிடப்பவர் தொலைபேசியை எட்டுவது எப்படி?

செலவாலும் கட்டட அமைப்பாலும் சில புளோக்குகள் மேம்பாட்டில் விடுபட்டன. அங்கே தாத்தாவுக்கு நெஞ்சு வலித்தால், இன்னும் படிதான்.