காய்ப்பெயர் கற்பித்த வரலாறு

புறநானூற்றின் 215ஆம் பாடலை இளங்கலை மாணவியர்க்குப் பல்லாண்டுகளாகப் பயிற்றி வருகிறேன். வடக்கிருக்கத் துணிந்த கோப்பெருஞ்சோழன், தன் நண்பர் பிசிராந்தையார் தவறாது வருவார் என்னும் உறுதியோடு, அவர் வாழும் பாண்டிநாட்டை எண்ணிப் பார்க்கும் பாட்டு அது. அரசன் நெஞ்சில் அந்நாட்டின் கோட்டையோ கொற்கை முத்தோ எழவில்லை. வரகுச் சோறும், வேளையின் வெண்பூவைத் தயிரிலிட்டு ஆய்மகள் சமைத்த புளிப்பு மிதவையும், அவற்றை அவரை கொய்வோர் வயிறார உண்ணும் காட்சியுமே எழுகின்றன. ஒருநாள் பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "வேளை என்பது எது, அம்மா?" என்று கேட்டாள். "ஒருவகைக் கீரை" என்றேன். அவள் அமர்ந்துவிட்டாள். அவ்விரு சொற்களின் பின்னே நான் ஒளிந்துகொண்டதை அவள் அறிந்தாளோ இல்லையோ, நான் அறிந்தேன். முனைவர் பட்டம் பெற்ற எனக்கு வேளையைக் கண்ணால் கண்டு அடையாளம் சொல்லத் தெரியாது.

பத்தாண்டு நிறைவு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென நம் வட்டத்து அன்பர்கள் கேட்டபோது, அந்த வெட்கமே முன்னின்றது. தமிழ்ப் பிள்ளைகள் காயையும் கீரையையும் கிழங்கையும் யாரிடம் கற்றனர், எவ்வாறு கற்றனர், அக்கல்வி எவ்விடத்தில் இற்றது என்று தேடிப் பார்த்தேன். அரசர் பெயரும் ஆண்டுக் கணக்கும் மிகுந்த வரலாறன்று இது, பெரும்பகுதி அடுக்களையில் நிகழ்ந்தது, எழுதப்படாதது.

எழுதப்பட்டவற்றுள் பழமையானது தொல்காப்பிய மரபியல். புறத்தே வயிரம் உடையதைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையதை மரம் என்றும் அது பகுக்கிறது. இலக்கண வகுப்பில் நூற்பாவாக மனப்பாடம் செய்யும்போது இதன் அருமை புலப்படுவதில்லை. தென்னையையும் பனையையும் புல்லென்று கொண்ட உரைமரபைக் கேட்டு மாணவியர் நகைப்பர். வெட்டிய தென்னந்துண்டு ஒன்றையும் வேப்பந்துண்டு ஒன்றையும் அவர்முன் வைத்தால் நகைப்பு அடங்கிவிடும். தென்னையில் விளிம்பு கடினம், நடு மென்மை. வேம்பில் நடுவே வயிரம். கையால் தடவி அறியத்தக்க பகுப்பு இது. மடல், ஓலை, பாளை, ஈர்க்கு, குலை என்பன ஓரினத்திற்கு உரியன. இலை, தளிர், முறி, அரும்பு, நனை என்பன மற்றோரினத்திற்கு உரியன என்று உறுப்புகளுக்கும் பெயர் வரையறுத்தார் ஆசிரியர். தென்னை 'இலை' என்று பிள்ளை சொன்னால் பாட்டி திருத்துவாளே, அத்திருத்தத்தின் வேர் மரபியலில் இருக்கிறது. பாட்டிக்கு மரபியல் தெரிந்திருக்கவேண்டியதில்லை. மரபியலாருக்குத்தான் பாட்டிமார் பேச்சு தெரிந்திருந்தது.

பாட்டிமார் பள்ளியின் பாடத்திட்டம் வாழையிலிருந்து தொடங்குகிறது எனலாம். ஒரே பயிரில் பூவும் கறி, தண்டும் கறி, காயும் கறி, பழமோ கறியன்று. வாழைப்பூவை மடல் மடலாகப் பிரித்துச் சிறு பூக்களைப் பிள்ளைகளிடம் கொடுத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் வேகாது நிற்கும் நரம்பைக் கிள்ளி எறியச் சொல்வர். அந்நரம்பிற்குக் 'கள்ளன்' என்று பெயர். கள்ளனைப் பிடித்த பிள்ளை பூவின் உறுப்பொன்றை அறிந்துகொண்டது. தாவரநூல் அதனைச் சூலகம் என்று பின்னர்ச் சொல்லிக்கொடுக்கும். அவரைக்கு நார் உரிப்பதும், முருங்கைக்கீரை உருவுவதும், கீரைக்கட்டில் முற்றல் தள்ளி இளந்தண்டு தேர்வதும் இவ்வகையினவே. அரிவாள்மனைக்கு அருகே விடாவிட்டாலும், அதற்கு முந்திய வேலைகள் யாவும் சிறு கைகளுக்கு விடப்பட்டன. உதவிக்காகத்தான் விட்டார்கள், கல்விக்காக என்று அவர்கள் எண்ணியதில்லை.

பருவந்தோறும் பெயர் மாறுவதையும் இவ்வழியே அறிந்தனர். மாவின் இளங்காய் வடு, பலாவினது மூசு, தென்னை, பனை இவற்றினது குரும்பை, வாழையினது கச்சல், கமுகினது நுழாய், எள்ளினது கவ்வை. தேவநேயப் பாவாணர் இச்சொற்களைத் தொகுத்துத் தமிழின் சொல்வளத்திற்குச் சான்றாகக் காட்டினார். கவிஞர்கள் நிறைந்த இவ்வட்டத்தில் ஒரு சொல் கூற எனக்கு உரிமை உண்டென்று நம்புகிறேன்: நம் மாதக் கூட்டங்களில் படிக்கப்பட்ட கவிதைகளில் 'பிஞ்சு' நூறுமுறையேனும் வந்திருக்கும், மூசும் கவ்வையும் ஒருமுறைகூட என் செவியில் விழவில்லை.

வீட்டிற்கு வெளியே கற்பித்தவை நிகண்டுகள். திவாகரம் பன்னிரு தொகுதிகளுள் ஒன்றை மரப்பெயர்க்கென ஒதுக்கியது. பதினாறாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் மண்டலபுருடர் விருத்தத்தில் இயற்றிய சூடாமணி நிகண்டு பிள்ளைகளின் நாவில் எளிதாக ஏறியது; அதனால் திண்ணைப் பள்ளிகளில் நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது. கத்தரிக்கு வழுதுணை என்றொரு பெயருண்டு என்பதை நிகண்டு கற்றவன் அறிவான். அறிந்தவனுக்கு, ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடலில் புல்வேளூர்ப் பூதன் இட்ட விருந்து விளங்கும். ஆனால் நிகண்டு தருவது பெயருக்குப் பெயர். பெயருக்குப் பொருளைத் தருவது தோட்டம். தோட்டத்தில் பாதி நாள் கழித்த பிள்ளைக்கே நிகண்டு பயன்பட்டது.

உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் திண்ணைப் பள்ளியின் வழக்கம் ஒன்றைக் குறிக்கிறார். மாலையில் பள்ளி விடும்போது, பூ, பறவை, விலங்கு, ஊர் இவற்றுள் ஏதேனும் ஒன்றின் பெயரை ஒவ்வொரு மாணவனுக்கும் ஆசிரியர் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் அதனை மறவாது சொல்லவேண்டும். நினைவாற்றல் பயிற்சி என்பது அதன் நோக்கம். எனக்கோ வேறொன்று தோன்றுகிறது. ஒரு பெயரை இரவெல்லாம் தனக்கென வைத்துக்கொண்டு உறங்கிய பிள்ளைக்கு அப்பெயர் பிறகு அயலாகுமா?

இங்ஙனம் அறிந்த காய்களிடையே, 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையை அடைந்ததற்குப் பின்னர், அறியாத காய்கள் வந்து இறங்கின. அமெரிக்கக் கண்டத்தின் பயிர்களைப் போர்ச்சுகீசியர் கொணர்ந்தனர். தமிழ் மக்கள் அவற்றை எதிர்கொண்ட முறை மொழிவரலாற்றில் சுவைமிக்க பகுதி. உறைக்கும் காய் ஒன்று வந்தது. உறைப்புக்கு அதுவரை அவர்கள் அறிந்தது மிளகு. ஆகவே அது மிளகாய் ஆயிற்று. உருண்டையான கிழங்கு உருளைக்கிழங்கு. பறங்கியர் தொடர்பால் வந்த காய் பரங்கிக்காய். நம் வள்ளியைப் போன்ற கிழங்குடையது, ஆயின் கொடியாகப் படராது மரம்போல் நிமிர்வது, மரவள்ளி, இனிப்பது சர்க்கரைவள்ளி. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மரவள்ளியைப் பரப்புவதில் முனைந்தார். 1956வரை அந்நாட்டோடு இருந்த குமரிப் பகுதியில் அதற்கு மரச்சீனி என்று பெயர். மெக்சிகோ நாட்டுச் சௌசௌவிற்குப் பெங்களூர்க் கத்திரிக்காய் என்று பெயரிட்டோம்; அது பெங்களூருக்கும் உரியதன்று, கத்தரியினமும் அன்று. எங்கிருந்து நம் சந்தைக்கு வந்ததோ அவ்வூரையும், எதனருகே வைத்து எண்ணலாமோ அக்காயையும் அப்பெயர் சொல்லிவிடுகிறது. பெயரே பாடம். அம்மா தனியே விளக்கவேண்டியதில்லை.

தக்காளியின் வரலாறு சற்றே துயரமானது. தக்காளி என்பது நம் வேலியோரங்களில், மெல்லிய உறைக்குள் சிறுமணிபோல் பழுக்கும் ஒரு செடியின் பெயர். அயலிலிருந்து வந்த பெரும்பழத்தைச் சீமைத் தக்காளி என்றனர். வந்தவர் செல்வாக்குப் பெறவே 'சீமை' உதிர்ந்தது. வீட்டுக்காரன் சிறுதக்காளி, குட்டித் தக்காளி என்று அடைமொழி சுமக்கலானான். வள்ளிக்கும் இதுவே நேர்ந்தது. பறம்பு மலையில் உழவர் உழாமலே விளைவன நான்கு என்று கபிலர் பாடுகிறார்: மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். அப்பாடலை நடத்தும்போது என் மாணவியர் மனத்தில் எழுவது அவித்த சர்க்கரைவள்ளி. பாரிக்கும் அக்கிழங்கிற்கும் இடையே ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குக் குறையாத இடைவெளி கிடக்கிறது!

கோயில் மடைப்பள்ளியும் திதிச் சமையலும் ஒருவகையில் இவ்வரலாற்றைக் காத்து வந்தன. மிளகாய் நுழையாது மிளகே ஆளும் மடைப்பள்ளிகள் இன்றும் பல உள்ளன. திதியன்று உருளையும் தக்காளியும் முட்டைக்கோசும் விலக்கு. ஏன் என்று கேட்ட பிள்ளைக்கு "அவையெல்லாம் சீமைக்காய்" என்ற விடை கிடைத்தது. இதனைக் கொண்டே காய்களின் காலத்தைக் கணித்துவிடலாம் என்று சிலர் எழுதியுள்ளனர்; நான் உடன்படவில்லை. முருங்கையும் சுரையும் நம் பழங்காய்களே. அவற்றையும் பல வீடுகளில் திதிக்குச் சேர்ப்பதில்லை. விலக்கிற்குக் காரணம் ஒன்றன்று. திதிநாளில் சொல்லப்படும் ஆயிரத்தெட்டுக் கறிக் கதையை மட்டும் விட்டுவிட மனமில்லை. ஆயிரத்தெட்டுக் கறியமுது கேட்ட விசுவாமித்திரருக்கு எட்டுக் காய்களோடு பாகல், பிரண்டை, பலா மூன்றையும் படைத்தாளாம் அருந்ததி. பாகல் நூறுக்குச் சமம், பிரண்டை முந்நூறு, பலா அறுநூறு. பாகற்காயைத் தொடாத பிள்ளையையும் கணக்குப் போட்டுப் பார்க்க வைக்கும் கதை அது.

ஆங்கில ஆட்சிக் காலத்தில் நிலை மாறியது. ஜான் சல்லிவன் 1820களில் நீலகிரியில் உருளைக்கிழங்கும் பிற ஐரோப்பியக் காய்களும் பயிராக வழிசெய்தார். மலையிலிருந்து இறங்கிய காரட்டும் பீட்ரூட்டும் பீன்சும் தம் பெயரோடே சந்தைக்கு வந்தன. 'இங்கிலீஷ் காய்' என்று ஒரு பிரிவே எழுந்தது. ஈழத்தமிழர் பீன்சைப் போஞ்சி என்பர். அஃது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். மஞ்சள் முள்ளங்கி, அக்காரக்கிழங்கு என்று அறிஞர் பின்னர் ஆக்கிய பெயர்கள் அழகியவை, சந்தைக்குப் போகாதவை. மிளகாய்க்குப் பெயர் வைத்தவர் சமைத்தவர். அக்காரக்கிழங்கிற்குப் பெயர் வைத்தவர் எழுதியவர். வேறுபாடு அங்கே இருக்கிறது என்பது என் துணிபு. தமிழாசிரியை இப்படிச் சொல்லலாமா என்று சினப்போர் சினக்கட்டும்.

பள்ளிக்கூடமும் மாறியது. பொருளைக் கண்முன் வைத்துப் பாடம் சொல்லவேண்டும் என்னும் பெஸ்டலாசியின் கொள்கை ஐரோப்பாவிலிருந்து இங்கும் வந்தது. நல்ல கொள்கைதான். ஆனால் அச்சுப் படம் மலிவானதும் பொருளின் இடத்தில் படம் அமர்ந்தது. 'க' என்னும் எழுத்தை அறிவதற்குக் கத்தரிக்காய்ப் படம் உதவுகிறது. கத்தரிக்காயை அறிவதற்கு 'க' ஒன்றும் செய்வதில்லை. 1937இல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வித் திட்டம் தோட்ட வேலையைப் படிப்போடு இணைத்தது, நீடிக்கவில்லை. காமராசர் 1956இல் தொடங்கிய மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982இல் விரிவாக்கிய சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் பள்ளிக்குள்ளே சமையலைக் கொண்டுவந்தன. 2019இல் மைய அரசு பள்ளிக் காய்கறித் தோட்டங்களுக்கு நெறிமுறை வகுத்தது. காய் வாசல்வரை வந்துவிட்டது. அதனை நறுக்கும் அம்மாவுக்கும் வகுப்பில் நிற்கும் ஆசிரியைக்கும் நடுவே உள்ள சுவர்தான் அப்படியே நிற்கிறது. சத்துணவுக் கூடத்து அம்மா கீரை ஆயும் அரைமணி நேரம் எந்தக் கால அட்டவணையிலும் இல்லை.

அந்த மாணவியைப் பற்றிச் சொல்லவேண்டும். கேள்வி கேட்ட மறுவாரம், ஈரத்துணியில் சுற்றி இரண்டு செடிகளைத் துறைக்குக் கொண்டுவந்தாள். விடுமுறைக்கு ஊர் சென்றபோது, வேளை எது என்று தன் அப்பாயியிடம் கேட்டிருக்கிறாள். ஒன்று, விரல்போல் ஐந்தாய்ப் பிரிந்த இலையும் வெண்பூவும் உடையது. கசக்கினால் கடுகு நெடி. "இது நல்வேளை, தைவேளை என்றும் சொல்வோம்" என்றாள். மற்றது மஞ்சட்பூ. "இது நாய்வேளை. இரண்டையும் மாற்றிவிடக் கூடாதென்று அப்பாயி இதையும் கொடுத்தனுப்பினார்கள்."

உரைநூல்களைப் புரட்டி நான் காணாததை அவள் அடுத்துச் சொன்னாள். "வேளை கசக்கும், அம்மா. தயிரிலோ மோரிலோ போட்டு வைத்தால் கசப்பு அடங்கும். பாட்டில் தயிர் அதற்காகத்தான் வந்திருக்கிறது என்று அப்பாயி சொன்னார்கள்."

அவ்வாண்டு மீதமிருந்த வகுப்புகளில் 215ஆம் பாடலை மீண்டும் ஒருமுறை நடத்தினேன். நடத்தினேன் என்பது தவறு. கரும்பலகைக்கு முன் அவளை நிறுத்திவிட்டு, நான் பின்வரிசையில் போய் அமர்ந்துகொண்டேன்.