எழுத்துக்குக் கூலி தந்த அரசு

எழுத்தாளர் பசித்திருப்பதில் அரசுக்குப் பொறுப்பு உண்டா? தனிமனித முயற்சியே செல்வத்திற்கு வழி என்னும் கொள்கையில் ஊறிய ஐக்கிய அமெரிக்கா, 1935ஆம் ஆண்டில் இவ்வினாவை எதிர்கொள்ள நேர்ந்தது. உண்டு என்று அது அளித்த விடை எட்டு ஆண்டுகளே நிலைத்தது. எனினும், அந்நாட்டின் அரசியலும் பொருளாதாரமும் சமூக வாழ்வும் எழுத்துப் பணி ஒன்றில் வந்து கலந்த காலம் அது. ஆதலின், கவிஞரும் எழுத்தாளரும் அறிந்துகொள்ளத்தக்க வரலாறு அதில் உண்டு.

வீழ்ச்சியும் நிவாரணமும்

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. தொடர்ந்த பொருளாதாரப் பெருமந்தத்தில் ஆலைகள் மூடப்பட்டன. வங்கிகள் ஆயிரக்கணக்கில் முறிந்தன. 1933இல் உழைக்கும் மக்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வேலையின்றி இருந்தனர். அவ்வாண்டு மார்ச்சில் குடியரசுத் தலைவர் பொறுப்பை ஏற்ற பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், ‘நியூ டீல்’ எனப்பட்ட சீர்திருத்தங்களைத் தொடங்கினார். 1935 ஏப்ரலில் காங்கிரசு ஏறத்தாழ 480 கோடி டாலரை நிவாரணப் பணிகளுக்கு ஒதுக்கியது. அடுத்த மாதமே பொதுப்பணி நிருவாகம் ஒன்று ஹாரி ஹாப்கின்ஸ் தலைமையில் உருவாயிற்று. சாலையும் பாலமும் பள்ளிக் கட்டடமும் எழுப்புவதே அதன் முதன்மைப் பணி. ஆயின், வேலை இழந்தோருள் ஓவியரும் இசைக் கலைஞரும் நடிகரும் எழுத்தாளரும் இருந்தனர். அவர்களும் ஏனையோரைப் போல உண்டு வாழ வேண்டியவர்களே என்பது ஹாப்கின்ஸின் வாதம். அதன் பயனாய் எழுந்தவற்றுள் ஒன்றே கூட்டாட்சி எழுத்தாளர் திட்டம்.

ஊதியம் பெற்ற எழுத்து

1935 ஜூலையில் தொடங்கிய இத்திட்டத்திற்கு ஹென்றி ஆல்ஸ்பர்க் இயக்குநரானார். உச்ச நிலையில் ஏறத்தாழ 6,600 பேர் இதில் பணியாற்றினர். மாத ஊதியம் சுமார் 80 டாலர். பணியில் சேர்ந்தோருள் மிகப் பெரும்பாலோர் தம் வறுமையை மெய்ப்பித்து, நிவாரணப் பட்டியலில் இடம்பெற்ற பின்னரே சேர்த்துக்கொள்ளப்பட்டனர். திறமைக்கு அளித்த விருதன்று அது. பசிக்கு அளித்த வேலை. ஆதலின், நூலாசிரியர் சிலரோடு வேலை இழந்த இதழாளர், ஆசிரியர், நூலகர் எனப் பலரும் ஒரே மேசையில் அமர்ந்தனர்.

கவிதையோ புதினமோ எழுதுமாறு அரசு அவர்களைப் பணிக்கவில்லை. அப்போதிருந்த 48 மாநிலங்களுக்கும் வழிகாட்டி நூல்கள் எழுதுமாறு பணித்தது. மாநில வழிகாட்டிகளுள் ஐடஹோவினுடையது 1937இல் முதலில் வெளிவந்தது. சாலைகளையும் ஊர்களையும் கூறும் அந்நூல்கள், அவற்றோடு வாய்மொழிக் கதைகளையும் தொழிலாளர் வாழ்க்கையையும் திரட்டித் தந்தன. தன் நாட்டை அமெரிக்கா ஊர் ஊராகப் பார்த்து எழுதிய முயற்சி அது எனலாம்.

ரிச்சர்ட் ரைட், ரால்ப் எல்லிசன், சால் பெல்லோ ஆகியோர் இளமையில் இத்திட்டத்தில் ஊதியம் பெற்றவர்கள். எல்லிசன் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்களின் பேச்சைக் கேட்டுப் பதிவு செய்தார். 1952இல் அவர் வெளியிட்ட புதினத்தில் அம்மக்கள் மொழியின் சாயலைக் காணலாம். நூல்கள் பல வெளியிட்டிருந்த ஸோரா நீல் ஹர்ஸ்டன் ஃபுளோரிடாவில் 1938இல் சேர்ந்தபோது, அவருக்குக் கிடைத்ததோ கீழ்நிலைப் பதவியே. பசியைப் பொதுவெனக் கண்ட அரசு நிற வேற்றுமையைக் கடக்கவில்லை.

சொல்பவரும் கேட்பவரும்

இத்திட்டத்தின் அரும்பணி, முன்னாள் அடிமைகளின் நினைவுகளைத் திரட்டியதாகும். அடிமை முறை 1865இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தால் ஒழிந்தது. எழுபது ஆண்டுகள் கழிந்தபின், அதனை நேரில் அறிந்தவர்கள் முதுமையின் விளிம்பில் இருந்தனர். 1936 முதல் 1938 வரை 17 மாநிலங்களில் 2,300க்கும் மேற்பட்டோரின் வாய்மொழி பதிவாயிற்று. அதுவரை அவர்களைப் பற்றிப் பிறர் எழுதியதே மிகுதி. இப்போது அவர்களே பேசினர்.

எனினும், அவர்கள் எவரிடம் பேசினர் என்பதும் கருதத்தக்கது. கேட்டு எழுதியோருள் பெரும்பாலோர் வெள்ளையர். தென் மாநிலங்களில் நிறப்பிரிவினைச் சட்டங்கள் கோலோச்சிய காலம் அது. சார்ல்ஸ்டன் நகரில் நூறு வயதைக் கடந்த மூதாட்டி ஒருவரை இருவர் தனித்தனியே சந்தித்தனர். தம்மை நிவாரண அலுவலர் எனக் கருதிய மூதாட்டியிடமிருந்து வெள்ளைப் பெண்மணி கேட்டது, நல்லியல்புடைய ஆண்டையின் கதை. அதே மூதாட்டியிடமிருந்து கறுப்பினத்தவர் ஒருவர் கேட்டதோ சவுக்கடியும், பிள்ளைகளைப் பிரித்து விற்ற கொடுமையும் நிறைந்த கதை. இரண்டும் ஏட்டில் ஏறின. இரண்டாவதை மட்டும் கொண்டு முதலாவதைத் தள்ளுதல் எளிது. ஆயின், முதலாவதும் ஒரு சான்றே. உண்மையைச் சொல்லவும் அஞ்ச வேண்டியிருந்த 1930களின் வாழ்வுக்கு அது சான்று.

திட்டத்தின் நீக்ரோ விவகாரப் பதிப்பாசிரியரான கவிஞர் ஸ்டெர்லிங் பிரவுன் இச்சிக்கலை நன்குணர்ந்தவர். பேச்சு வழக்கைக் கேலிச் சித்திரமாக்கும் எழுத்துக்கூட்டலைத் தவிர்க்குமாறு அவர் அறிவுறுத்தினார். வர்ஜினியாவில் கறுப்பினத்தவரே அடங்கிய குழு ஒன்று தனியே இயங்கி, 1940இல் அம்மாநிலக் கறுப்பின மக்களின் வரலாற்றை நூலாகத் தந்தது. 1935ஆம் ஆண்டின் சமூகக் காப்புச் சட்டம் விவசாயத் தொழிலாளரையும் வீட்டுப் பணியாளரையும் விலக்கியதால், கறுப்பினத் தொழிலாளருள் பெரும்பகுதியினர் முதியோர் ஓய்வூதியத்திற்குப் புறம்பாயினர். சட்டத்தில் இடம்பெறாதோர் சொல்லில் இடம்பெற்றனர் என்பது அக்கால அரசின் முரண்.

எதிர்ப்பும் முடிவும்

அரசுப் பணத்தில் எழுதுவோர் அரசுக்கு எதிரான கருத்துகளைப் பரப்புகின்றனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1938இல் மார்ட்டின் டைஸ் தலைமையிலான காங்கிரசுக் குழு விசாரணை நடத்தியது. நாடகத் திட்ட இயக்குநர் ஹாலி ஃபிளனகனிடம், கிறிஸ்டஃபர் மார்லோ ஒரு பொதுவுடைமையாளரா என்று உறுப்பினர் ஒருவர் வினவினார். மார்லோ 1593இலேயே மறைந்த ஆங்கில நாடகாசிரியர்! நகைப்புக்குரிய வினாவாயினும் விளைவு நகைப்பிற்குரியதன்று. 1939 ஜூனுடன் நாடகத் திட்டம் முடிந்தது. ஆல்ஸ்பர்க் பதவி நீக்கப்பட்டார். எழுத்தாளர் திட்டம் மாநிலங்களின் பொறுப்பில் நலிந்து, போர்க்கால வேலைவாய்ப்பு பெருகிய 1943இல் முற்றுப்பெற்றது.

எஞ்சியவை

அடிமைகளின் வாய்மொழிகள் 1941இல் 17 தொகுதிகளாகக் காங்கிரசு நூலகத்தில் வைக்கப்பட்டன. அவற்றைத் திரட்டி அமைத்த பெஞ்சமின் பாட்கின் 1945இல் ஒரு தேர்வு நூலை வெளியிட்டார். வரலாற்றறிஞர் பலர் அவற்றை உரிய முறையில் பயன்படுத்தத் தொடங்கியது 1970களில்தான்.

புரவலனுக்குப் புகழ் சேர்க்கும் காவியம் எதனையும் அந்த ஊதியம் ஈட்டித் தரவில்லை. வேலை இழந்த பலர், தாம் அதுவரை கேட்டறியாத மனிதரின் வாசலில் சென்று அமர்ந்து, அவர்கள் சொன்னதை எழுதினர். கேட்கும் பணிக்கும் ஊதியம் உண்டு என்று ஓர் அரசு ஒருகாலத்தில் ஒப்புக்கொண்டது. அது ஒப்புக்கொண்டிராவிடின் 2,300 பேரின் சொற்கள் அவர்களோடு மண்ணில் மறைந்திருக்கும்.